நுரையை நம்பி ஒரு கடல்: புரோட்டீன் ஸ்கிம்மர் எப்படி வடிவமைக்கப்படுகிறது

போன எபிசோடின் கடைசியில், "என்ர வீட்டில ஓடுற மிகச் சிக்கலான சிஸ்டம் சேர்வர் இல்லை, மீன்தொட்டி" என்று சும்மா ஒரு வசனம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். ஆகவே இந்தக் கிழமை மடலில் க்ளவுட் இல்லை, கோட் இல்லை. நுரைதான். எபிசோடில் ஒரு வசனத்தில் கடந்துபோன மெஷினை இங்கே கழற்றிப் பார்ப்போம்.

என்னிடம் இருப்பது 75 கலன் உப்புநீர்த் தொட்டி. அதாவது 284 லீற்றர். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இருக்கிறது. இரண்டு நீமோ மீன், ஒரு மஞ்சள் டாங், கொஞ்சம் பவளம். தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் சம்ப் என்ற இரண்டாவது தொட்டி. அந்தச் சம்புக்குள் நிற்கிற ஒன்றரை அடி உயரக் குழாய்தான் புரோட்டீன் ஸ்கிம்மர். அதன் தலையில் ஒரு கப். கப்புக்குள் தேத்தண்ணி நிறத்தில், சொல்ல முடியாத மணத்தோடு ஒரு திரவம் சேரும். அது கறுக்கக் கறுக்க எனக்குச் சந்தோசம்.

பில்டர் என்றால் எல்லோருக்கும் விளங்கும்: ஒரு சல்லடை, அதில் ஊத்தை நிற்கும், தண்ணி போகும். ஸ்கிம்மரில் சல்லடையே இல்லை. மீன் சாப்பாட்டிலிருந்தும் கழிவிலிருந்தும் வருகிற புரதம் தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்ததைச் சல்லடை பிடிக்காது. விட்டுவைத்தால் பக்டீரியா அதை உடைத்து அமோனியாவாக்கும், அமோனியா நைத்திரைற்றாகும், பிறகு நைத்திரேற்றாகும். அமோனியாவான பிறகு ஸ்கிம்மரால் ஒன்றும் செய்ய ஏலாது. அதற்கு முதலே பிடிக்க வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால், பிழையான டேட்டாவை டேட்டாபேஸுக்குள் போக விட்டுவிட்டு பிறகு துப்புரவாக்குவது ஒரு வழி. வாசலிலேயே மறிப்பது இன்னொரு வழி. ஸ்கிம்மர் வாசலில் நிற்கிறது.

எப்படி மறிக்கிறது? அம்மா பருப்பு அவிக்கும்போது பார்த்திருப்பீர்கள். முதல் கொதியில் வெள்ளை நுரை பொங்கிவரும். அகப்பையால் அள்ளி சிங்கில் ஊத்துவார். அந்த நுரையைக் கட்டி வைத்திருப்பதில் பெரும்பங்கு பருப்பின் புரதம்தான். புரத மூலக்கூறின் சில பகுதிகளுக்குத் தண்ணி பிடிக்கும், சில பகுதிகளுக்குப் பிடிக்காது. ஆகவே தண்ணியும் காற்றும் சந்திக்கிற விளிம்பு அதுக்குச் சொர்க்கம்: ஒரு காலைத் தண்ணியில் வைத்து, மற்றக் காலைக் காற்றில் நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். குமிழி என்றால் சுற்றிவர விளிம்புதானே. புரதம் அதில் ஒட்டி, குமிழியோடு மேலே ஏறி, நுரையாகிக் கப்புக்குள் விழும். ஸ்கிம்மர் என்பது இருபத்துநாலு மணித்தியாலமும் களைக்காமல் அள்ளுகிற அகப்பை.

பருப்பு நுரையை அடக்க அம்மா ஒரு துளி எண்ணெய் விடுவார், ஞாபகம் இருக்கா? அதையும் மனதில் வைத்திருங்கோ. பிறகு தேவைப்படும்.

இப்ப கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரே ஒரு சூத்திரம். குமிழிகளின் மொத்தப் பரப்பு என்பது காற்றின் கனவளவை ஆறால் பெருக்கி, குமிழியின் விட்டத்தால் பிரிப்பது. ஒரு லீற்றர் காற்றை 5 மில்லிமீற்றர் குமிழிகளாக விட்டால் ஏறத்தாழ 15,000 குமிழி, பரப்பு 1.2 சதுர மீற்றர். அதே ஒரு லீற்றரை 1 மில்லிமீற்றர் குமிழிகளாக நொறுக்கினால் 19 லட்சம் குமிழி, பரப்பு 6 சதுர மீற்றர். காற்று அதே அளவுதான், வேலை செய்கிற இடம் ஐந்து மடங்கு. மணித்தியாலத்துக்கு 600 லீற்றர் காற்று இழுக்கிற ஒரு நடுத்தர ஸ்கிம்மர் என்றால், ஒவ்வொரு நிமிசமும் 60 சதுர மீற்றர் புதுப் பரப்பு. டவுன்டவுனில் ஒரு படுக்கையறை கொண்டோவின் தரை முழுவதையும் நிமிசத்துக்கு ஒருமுறை விரித்துச் சுருட்டி எறிகிற மாதிரி. இந்தப் படத்தை ஒருக்கா மனதில் கண்டுவிட்டால், ஸ்கிம்மர் விளம்பரங்களில் பாதியை வாசிக்கத் தேவையில்லை.

இது ஏன் நன்னீரில் சரிவராது? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு அரை லீற்றர் போத்தல். ஒன்றில் பைப் தண்ணி. மற்றதில் அதே தண்ணியும் மூன்று தேக்கரண்டி உப்பும், கிட்டத்தட்ட கடல் அளவு. இரண்டையும் கொஞ்சம் காற்று விட்டு மூடி, ஒரே நேரம் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. உப்புத் தண்ணியில் குமிழிகள் சிறிதாக, கூட நேரம், பால் மாதிரித் தெரியும். நன்னீரில் குமிழிகள் முட்டியவுடன் ஒன்றாகிப் பெருத்து மேலே ஓடிவிடும்; உப்பு அந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது. ஸ்கிம்மரின் முழு வியாபாரமும் இந்தச் சின்ன விஷயத்தில்தான் நிற்கிறது.

சிறிய குமிழி நல்லது என்று விளங்கியதும், எல்லாக் கொம்பியூட்டர்க்காரர் மாதிரியும் நான் நினைத்தேன்: இதுக்கு ஏன் கடையில் நானூறு டொலர் குடுப்பான்? ஒரு கொன்ட்ராக்ட் முடிந்து அடுத்தது தொடங்க இரண்டு மாதம் இருந்தது. நேரம் இருந்தது, காசு இல்லை.

முதல் வேர்ஷன்: 4 அங்குல பிவிசி பைப், ஒரு சாதாரண ஏர் பம்ப், ஒரு மலிவான ஏர் ஸ்டோன். குமிழி எல்லாம் பட்டாணி அளவு. வடிவாகத்தான் இருந்தது, கப்பில் ஒரு கிழமைக்கு ஒன்றும் சேரவில்லை. அதைப் பற்றிச் சொல்ல இதுக்கு மேல் ஒன்றும் இல்லை.

இரண்டாவது வேர்ஷனில்தான் உண்மையான பாடம். பழைய ஆட்கள் பாவித்த மரத்துண்டு ஏர் ஸ்டோன் வாங்கினேன். லைம்வூட் என்பார்கள், மரத்தின் நுண்துளைகளால் காற்று வருவதால் குமிழி தூள் மாதிரி வரும். தண்ணியை மேலே விட்டுக் கீழே எடுத்தேன், குமிழி கீழிருந்து மேலே. எதிரெதிர் ஓட்டம், கூடிய தொடுகை நேரம். புத்தகத்தில் உள்ள மாதிரியே. அடுத்த நாள் காலையில் பெரிய தொட்டி முழுக்க வெள்ளைத் தூள் பறந்தது. மீன்கள் சோடாவுக்குள் நீந்துகிற மாதிரி. அக்கா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, தொட்டிக்குள்ள ஸ்ப்ரைட்டே ஊத்தினனீ?" என்றாள்.

காரணம் வேகம். மணித்தியாலத்துக்கு 1000 லீற்றர் தண்ணியை 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்குள்ளால் கீழே தள்ளினால், தண்ணி விநாடிக்கு 3.5 சென்ரிமீற்றர் வேகத்தில் இறங்கும். 1 மில்லிமீற்றர் குமிழி விநாடிக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவில் ஏறும், அதுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 0.3 மில்லிமீற்றர் குமிழி ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான் ஏறும். எஸ்கலேட்டர் இறங்குகிற வேகத்தை விட மெதுவாக ஏறினால் எங்கே போய் நிற்பீர்கள்? கீழேதான். அந்தக் குமிழிகள் எல்லாம் பிடித்த ஊத்தையையும் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டன.

அதே ஓட்டத்துக்குக் குழாயின் விட்டத்தை 15 சென்ரிமீற்றர் ஆக்கினால் இறங்கும் வேகம் 1.6 ஆகிவிடும். விட்டத்தின் வர்க்கம் அல்லவா. குமிழியை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதைப் பம்ப் தீர்மானிப்பதில்லை. உடம்பின் அகலமும் அதற்குள்ளால் தள்ளுகிற தண்ணியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கடையில் ஒல்லியான உடம்பும் பெரிய பம்புமாக ஒரு ஸ்கிம்மரைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கோ.

மூன்றாவது வேர்ஷன் 6 அங்குல அக்ரிலிக் குழாய், நீடில் வீல் பம்ப். இன்று கடையில் விற்கிற பெரும்பாலானவை இந்த வகை. சாதாரண பம்பின் இம்பெல்லரில் தட்டையான இறக்கை இருக்கும். இதில் அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஊசிகள். பம்ப் தண்ணி இழுக்கும் வாயில் ஒரு ஒடுங்கின இடம், வென்ரூரி. தண்ணி அதற்குள்ளால் வேகமாய்ப் போகும்போது அழுத்தம் குறைந்து, பக்கத்து டியூப்பால் காற்றைத் தானே இழுக்கும். ஊசிகள் அந்தக் காற்றை அரைத்துவிடும். மிக்சியில் மோர் அடிக்கிற மாதிரித்தான்.

அரைத்த நுரையை நேராகக் குழாய்க்குள் விட்டால் அது சுழலும். கீழே சுழற்சி தேவை, மேலே அது எதிரி. ஆகவே நடுவில் ஓட்டை போட்ட ஒரு தட்டு வைப்பார்கள். பம்பின் கோபம் தட்டுக்குக் கீழேயே அடங்கி, மேலே குமிழிகள் அமைதியாக, ஒரு மேகம் மாதிரி ஏறும். என் தட்டு ஒரு பழைய அக்ரிலிக் சட்டம், ட்ரில்லால் நூற்றுக்கும் மேல் ஓட்டை. மூன்று பிட் உடைந்தது.

அமைதி ஏன் முக்கியம் என்றால், கடைசி அலுவல் கழுத்தில் நடக்கிறது. குழாய் மேலே ஒடுங்கிக் கழுத்தாகும் இடத்தில் நுரை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஏறும். ஏற ஏற, குமிழிகளுக்கு இடையில் உள்ள தண்ணி வடிந்து கீழே இறங்கும். புரதம் குமிழியின் தோலில் தங்கும். கழுத்து நீளமாக இருந்தால் கூட நேரம் வடியும், கப்பில் விழுவது கட்டியாக, கறுப்பாக இருக்கும். ஸ்கிம்மருக்குள் தண்ணி மட்டத்தை வால்வால் உயர்த்தினால் வடிய நேரமில்லாமல் நீர்த்த, வெளிர் தேத்தண்ணி வரும். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், டாப்ஸா ஸ்பேஸா சண்டை மாதிரி. நான் நடுவில் வைக்கிறேன்.

கழுத்தின் அகலத்திலும் ஒரு பொறி இருக்கு. "பெரிசா வாங்கினா நல்லதுதானே" என்று எல்லோரும் நினைப்போம். ஆனால் நுரை நிற்பதற்குப் போதுமான புரதம் வேண்டும். சின்னத் தொட்டியில் பெரிய கழுத்து இருந்தால் நுரை பாதி வழியில் உடைந்து உடைந்து விழும், கப்புக்கு வந்து சேராது. பெட்டியில் எழுதியிருக்கும் "இத்தனை லீற்றர் தொட்டிக்கு" என்ற எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது; ஒவ்வொரு கொம்பனியும் தன் மனச்சாட்சிப்படி போடுகிறது. காற்று மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர், உடம்பு எவ்வளவு அகலம், கழுத்து எவ்வளவு அகலம்: இந்த மூன்றையும் பாருங்கோ.

இன்னொன்று, கொஞ்சம் அடக்கமும் வேண்டும். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009-இலும் 2010-இலும் ஸ்கிம்மர்களை ஆய்வுகூட முறையில் அளந்து எழுதினார். அவர் சோதித்த ஸ்கிம்மர்கள், தண்ணியில் இருந்த மொத்தக் கரிமக் காபனில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதத்தைத்தான் எடுத்தன. அதுக்கு மேல் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் நகரவில்லை. மிச்சம் குமிழியில் ஒட்டாத வகை. கப்பில் சேர்கிற சாமானைக் காயவைத்துப் பார்த்தபோது கல்சியம் காபனேற்றும், டயட்டம் எனும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடும் அதில் கணிசமாக இருந்தன. அதாவது நான் பெருமையோடு பார்க்கிற அந்தக் கறுப்புத் தண்ணி எல்லாம் புரதம் இல்லை. வாசித்த அன்று கொஞ்சம் மனம் நொந்தது உண்மை. ஆனாலும் ஸ்கிம்மரைக் கழற்றவில்லை. இவ்வளவு பரப்பில் காற்றும் தண்ணியும் சந்திப்பதால் ஒட்சிசன் உள்ளே போகும், காபனீரொட்சைட்டு வெளியே வரும், அது வேறெதுவும் அவ்வளவு லேசாகத் தராத நன்மை. கனடாப் பனிக்காலத்தில் ஜன்னல் எல்லாம் மூடிக் கிடக்கும்போது வீட்டுக்குள் காபனீரொட்சைட்டு கூடி, தொட்டியின் பிஎச் இறங்கும். ஸ்கிம்மரின் காற்று டியூப்பை ஜன்னலால் வெளியே விட்டேன். இரண்டு நாளில் 7.8 இலிருந்து 8.1 ஆனது.

மூன்றாவது வேர்ஷன் எட்டு மாதம் அருமையாக ஓடியது. இனி அந்த வியாழக்கிழமை.

கப்பை நாளாந்தம் கழுவ அலுப்பாக இருந்ததால், அதன் அடியில் ஒரு குழாய் பூட்டி, சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்து லோண்ட்ரி அறையில் நின்ற 4 லீற்றர் கானுக்குள் விட்டிருந்தேன். இன்னொரு பக்கம், ஆவியாகிற தண்ணியை நிரப்ப ஒரு ஓட்டோ டொப்-ஓஃப். சம்பில் மட்டம் இறங்கினால் 40 லீற்றர் நன்னீர் வாளியிலிருந்து அது நிரப்பும். உப்பு ஆவியாகாது, தண்ணிதான் போகும், ஆகவே நன்னீர் விடுவது சரி. இரண்டுமே தனித்தனியே சரியான வடிவமைப்பு.

அன்று பின்னேரம் கழன்று விழுந்த ஒரு பவளத்தை, தண்ணிக்குள் இறுகும் எப்பொக்சிப் பசையால் ஒட்டினேன். இது ஸ்கிம்மர் வைத்திருக்கிற எவருக்கும் தெரியவேண்டிய விஷயம்: புது எப்பொக்சி தண்ணியில் விடுகிற சாமான் நுரையைப் பைத்தியமாக்கும். அம்மாவின் எண்ணெய்த் துளிக்கு நேரெதிர். கொழுப்புள்ள மீன் சாப்பாடோ, கையில் பூசின லோஷனோ போனால் நுரை சில மணித்தியாலம் விழுந்து கிடக்கும், பிறகு தானே எழும்பும், ஆபத்தில்லை. எப்பொக்சி போனால் வடியாத ஈர நுரை கழுத்தால் பொங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டுகிற அன்றைக்கு ஸ்கிம்மரை நிறுத்திவிட வேண்டும். எனக்கு அடுத்த நாள் விடிய ரிலீஸ். பதினொரு மணிக்குப் படுத்துவிட்டேன்.

இரவு முழுக்க நுரை பொங்கியது. கான் நிரம்பி வழிந்தது. வழிந்தது சத்தமில்லாமல் லோண்ட்ரி அறையின் தரை வடிகாலுக்குள் போனது. சம்பில் மட்டம் இறங்க, டொப்-ஓஃப் தன் கடமையைச் செய்தது: நன்னீர் விட்டது. ஸ்கிம்மர் இன்னும் உப்புத் தண்ணியை வெளியே தள்ளியது, டொப்-ஓஃப் இன்னும் நன்னீர் விட்டது. வாளி காலியாகும்வரை.

காலையில் பார்த்தபோது தண்ணி மட்டம் ஒரு மில்லிமீற்றர்கூட மாறவில்லை. தரை காய்ந்திருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி. பவளம் மட்டும் எல்லாம் சுருண்டு கிடந்தது. உப்பு அளந்தேன். ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய இடத்தில் 30. கணக்கும் அதையேதான் சொல்லும்: 300 லீற்றரில் 40 போய் நன்னீரானால் 35 இன் பதின்மூன்று சதவீதம் போய்விடும். மீன்கள் தாங்கின. என் க்ளீனர் இறால் கல்லுக்குக் கீழே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. இரண்டு வருசம், கையை விட்டால் ஏறி நின்று நகத்தைச் சுரண்டும். மீன்களைத் துப்புரவாக்குவதால் அக்காவின் மகள் அதுக்கு "டொக்டர்" என்று பேர் வைத்திருந்தாள். சனிக்கிழமை வந்து, "மாமா, டொக்டர் எங்க?" என்று கேட்டாள். மெஷின் பிழை என்று சொல்ல வாய் வந்தது. "மாமா நிப்பாட்ட மறந்துட்டன்" என்றேன்.

உப்பை ஒரே நாளில் ஏற்றக்கூடாது, அது இரண்டாவது அதிர்ச்சி. நாளுக்கு ஒன்றாக ஐந்து நாள் ஏற்றினேன். ஃப்ரொக்ஸ்போன் பவளத்தில் ஒரு தலை போனது, மற்ற மூன்றும் பிழைத்தன.

பிறகு உட்கார்ந்து வேலையில் எழுதுகிற மாதிரியே போஸ்ட்மோர்ட்டம் எழுதினேன். மறதி ஒரு காரணம்தான், ஆனால் மறக்காத ஆள் உலகத்தில் இல்லை. உண்மையான ஓட்டை: டொப்-ஓஃப் அளப்பது மட்டத்தை. நான் காப்பாற்ற விரும்பியது உப்பை. சாதாரண நாட்களில் இரண்டும் ஒன்றாக அசையும், ஆகவே ஒன்றை அளந்து மற்றதை நம்பலாம். தண்ணி உப்போடு வெளியேறும் ஒரே ஒரு வழியை, அந்தக் குழாயை, நானே என் கையால் பூட்டினேன். அன்றைக்கே அந்த நம்பிக்கை பொய்யாகிவிட்டது. எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நாலாவது வேர்ஷனில் குழாய், பம்ப், கழுத்து எல்லாம் பழையதுதான். கானுக்குள் ஒரு மிதவை சுவிட்ச். நிரம்பினால் ஸ்கிம்மர் பம்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும். வாளியை 40 இலிருந்து 15 லீற்றராக்கினேன். என் தொட்டிக்கு அது நாலு நாளுக்குக் காணும்; முழுதும் கொட்டினாலும் உப்பு 33க்குக் கீழே இறங்காது. ஒரே தடவையில் ஐந்து நிமிசத்துக்கு மேல் ஓடினால் டொப்-ஓஃப் தானே நின்று சத்தம் போடும். மொத்தச் செலவு முப்பது டொலருக்குள்.

நீங்கள் பழைய ஸ்கிம்மர் வாங்குவதென்றால் ஒன்று சொல்கிறேன்: வென்ரூரி வாயைக் கழற்றிப் பாருங்கோ. அங்கே உப்பு கட்டியாகிக் காற்றை அடைக்கும், விற்கிறவர் "பம்ப் போயிட்டுது" என்று மலிவாகத் தருவார். வினிகரில் ஒரு இரவு ஊறவைத்தால் பல தடவை உயிர் வந்துவிடும். புதிதாய்ப் பூட்டினால் முதல் ஒன்றிரண்டு கிழமை நுரை ஒழுங்காய் வராது. உள்சுவரில் ஒரு படலம் பிடிக்கும்வரை பொறுங்கோ, வால்வைத் திருகிக்கொண்டு இருக்காதேங்கோ.

மிதவை சுவிட்சை மாதத்தின் முதல் சனிக்கிழமை சோதிக்கிறோம். அது இப்ப மருமகளின் வேலை. கானுக்குள் கையை விட்டு மிதவையைத் தூக்குவாள், மூக்கைப் பொத்திக்கொண்டு. பம்பின் சத்தம் நிற்கும், கழுத்தில் நுரை மெல்ல இறங்கும், "பாஸ்" என்று கத்துவாள். புது இறால் ஒன்று வாங்கியாச்சு. அதுக்கு அவள் இன்னும் பேர் வைக்கவில்லை.